குதிரைக்குத் தித்திப்புப் பண்டம் கொடுக்கலாமா?

(ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



கிராமங்களில் மாடு வைத்திருப்போர் பலர். குதிரை வைத்திருப்போர் சிலரே. ஆயினும் உதகமண்டலத்திலும் கொடைக்கானலிலும் கடற்கரைகளிலும் சவாரிக்கு விடும் மட்டக் குதிரை ஒன்றைக் கொண்டே ஜீவனம் செய்யும் குடும்பங்கள் உள்ளன. ஆடி மாதத்தில் ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்கு ஆண்டுதோறும் குதிரைகள் வந்து கைமாறுகின்றன. இத்தகைய குடும்பத்துக்குக் குதிரையே மூலதனம். அதன் கால் கெட்டுவிட்டால் தினவரும்படியும் போகும், முதலும் போகும். அதை வாங்கப் பட்ட கடன் மட்டும் நிற்கும். ஆகையால் குதிரையின் வாயில் எது போகிறது என்பது குடும்பத்தின் வரவு செலவைப் பற்றிய விஷயமாகும்.

குதிரைக்கு வெல்லம் கொடுப்பது நம் நாட்டில் வெகுகால வழக்கம். வெல்லம் பலம் தரும், எவ்வளவு கொடுத்தாலும் நன்மையே என்பர் ஒரு சாரார். சர்க்கரை விஷம், துளியும் கூடாது என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் சரியன்று. அளவும், குதிரையின் தேக நிலையுமே இவ்விஷயத்தைத் தீர்மானிக்கின்றன.

ஒரு பழைய சரித்திரம்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தில் அரேபியாவிலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் குதிரைகள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கின. அக்காலத்தில் இங்கு வந்த வெனிஸ் நகரத்து யாத்ரீகர் மார்க்கோ போலோ, இந்நாட்டார் குதிரைகளுக்குச் சோறும் சமைத்த மாமிசமும் கொடுத்தனரென்றும், பராமரிக்கும் முறையறியாமையால் அவை விரைவில் மாண்டனவென்றும் எழுதியிருக்கிறார். பாரசீகச் சரித்திராசிரியரான வஸ்ஸாப், வறுத்த தானியத்தை நெய்யுடன் சேர்த்துக் கொடுத்ததையும், காய்ச்சிய பசும்பால் புகட்டியதையும் குறிப்பிடுகிறார். அக்குதிரைகள் மாண்டதற்குச் சீதோஷ்ண நிலை முதலிய வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆயினும் பெருந்தொகை கொடுத்து வாங்கிய பிராணிக்குத் தமக்குப் பிரியமான உணவையே ஊட்டும் மனித சுபாவம் இதில் தெளிவாய்த் தெரிகிறது. அந்தச் சுபாவம் இன்றும் மாறவில்லை.

குதிரையின் வயிறு

மாட்டின் முதல் வயிறு 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். குதிரைக்கோ இரைப்பை ஒன்றே. நல்ல உயரமுள்ள குதிரைக்கும் அது 8 முதல் 15 லிட்டர் வரையே கொள்ளும். குதிரை அசைபோடுவதில்லை, மேலும் அதனால் வாந்தி எடுக்க முடியாது. தகாத பொருள் உள்ளே போய்விட்டால் அதை வெளியே தள்ள வழியில்லை. ஆகவேதான் இயற்கையானது அதைப் பகல் முழுவதும் சிறிது சிறிதாகப் புல் மேயும்படி அமைத்திருக்கிறது.

சர்க்கரையும் மாவுப்பொருளும் சிறுகுடலில் ஜீரணமாகி இரத்தத்தில் சேருகின்றன. நார்ப்பொருள் பெருங்குடலுக்குச் சென்று, அங்கு வாழும் நுண்ணுயிர்களால் புளிக்கவைக்கப்பட்டுக் குதிரைக்குச் சக்தியளிக்கிறது. சிறுகுடலுக்கு ஓர் எல்லையுண்டு. ஒரே வேளையில் மாவுப்பொருள் அதற்கு மேற்பட்டால், மிச்சம் பெருங்குடலில் போய் விழும். அங்கே புளிப்பு அமிலம் பெருகி, நார்ப்பொருளைப் பக்குவம் செய்யும் நல்ல நுண்ணுயிர்கள் மடிகின்றன. அவற்றிலிருந்து வெளிப்படும் நச்சுப்பொருள் இரத்தத்தில் கலக்கிறது. இதன் விளைவு கடும் வயிற்றுவலி அல்லது குளம்பு நோய். சில சமயம் இரண்டுமே.

அளவு எவ்வளவு?

300 கிலோகிராம் எடையுள்ள மட்டக் குதிரை நாளொன்றுக்குச் சுமார் 6 கிலோகிராம் உலர்தீவனம் தின்னும். உலர்ந்த நல்ல புல்லிலேயே சர்க்கரையும் மாவும் சேர்ந்து நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் இருப்பதுண்டு. அதாவது வெல்லத்தைக் கண்ணால் காணாத குதிரையும் தினந்தோறும் 600 கிராம் வரை இவற்றை உண்கிறது. இந்நிலையில் நெல்லிக்காயளவு, அதாவது சுமார் 20 கிராம் வெல்லம், உழைக்கும் ஆரோக்கியமான குதிரைக்கு ஒரு கெடுதியும் செய்யாது. கசப்பு மருந்தை வெல்லத்தில் பொதிந்து கொடுப்பதிலும் தவறில்லை.

வெல்லத்தில் நூற்றுக்குச் சுமார் 80 பங்கு சர்க்கரை. வாழைப்பழத்தில் 12 பங்கு. காரட்டிலோ ஏறக்குறைய 5 பங்கே, மற்றதில் பெரும்பாகம் தண்ணீர். ஆகவே ஆசைக்குக் கொடுக்கக் காரட்டே உத்தமம்.

பெரிய அபாயம் சோற்றிலும் பொங்கலிலும் இருக்கிறது. ஒரு வேளைக்குக் குதிரையின் எடையில் கிலோகிராமுக்கு 1 கிராம் மாவுப்பொருளுக்கு மேற்படாதிருத்தல் நலம் என்பது கால்நடை ஆகார நிபுணர் பலர் கொள்ளும் கணக்கு. 300 கிலோகிராம் குதிரைக்கு அது 300 கிராம். ஒரு கிலோகிராம் சோற்றிலேயே ஏறக்குறைய அவ்வளவு மாவு அடங்கியிருக்கிறது. திருவிழாவில் மிஞ்சிய சர்க்கரைப் பொங்கலை ஒரு கூடை கொண்டுவந்து கொட்டினால், குதிரை மகிழ்ந்து தின்னும். கேடு சில மணி நேரத்துக்குப் பின்னரே தெரியும். மாட்டுக்கும் இது பொருந்தும். மாட்டுப் பொங்கலன்று அளவின்றிச் சோறும் பழமும் தின்ற மாடு வயிற்றில் அமிலம் மிகுந்து மாண்டுபோவதுண்டு.

எந்தக் குதிரைக்கு அறவே கூடாது?

உடல் பருத்த குதிரை, கழுத்தின் மேற்பாகம் கொழுப்பால் தடித்த குதிரை, முன்பு குளம்பு நோய் கண்ட குதிரை, வயது முதிர்ந்து காலத்தில் மயிர் உதிராமல் நீண்டு வளரும் குதிரை ஆகியவற்றுக்குத் தித்திப்பு துளியும் ஆகாது. இவற்றுள் பலவற்றின் தேகத்தில் சிறிது சர்க்கரை சேர்ந்தாலும் இன்சுலின் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கும். 2007-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் ஆரோக்கியமான மட்டக் குதிரைகளுக்கு இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தி, இரத்தச் சர்க்கரையைச் சரியான அளவில் வைத்தே பார்த்தனர். மூன்று நாட்களுக்குள் அவற்றுக்குக் குளம்பு நோய் கண்டது. மிகுந்த இன்சுலினே குளம்பைக் கெடுக்கும் என்பது அதனால் ருசுவாயிற்று. இத்தகைய குதிரைகளுக்கு உலர்புல்லையும் தண்ணீரில் ஊறவைத்து, அந்த நீரை வடித்துவிட்டுக் கொடுப்பதுண்டு. அதனால் புல்லின் சர்க்கரை ஓரளவு கரைந்து நீங்கும்.

நோயின் அடையாளங்கள்

குளம்பினுள் இருக்கும் எலும்பு, ஏடு ஏடாக அமைந்த மெல்லிய பிடிப்புகளால் குளம்புச் சுவருடன் பிணைந்து தொங்குகிறது. நோயில் இப்பிடிப்பு தளரும். எலும்பு திரும்பவோ கீழிறங்கவோ செய்யும். பின்னர் குதிரை முன்போல் உழைப்பது அரிது. குதிரை முன்கால்களை முன்னே நீட்டிப் பின்கால்களில் பாரத்தைச் சாய்த்து நிற்றல், திரும்பத் தயங்குதல், குளம்பு சுடுதல், கணைக்காலின் கீழே நாடி பலமாகத் துடித்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். வயிற்றுவலியாயின், குதிரை விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், தரையைக் காலால் பறிக்கும், படுத்துப் புரளும், சாணம் நின்றுபோகும்.

இவற்றுள் எது கண்டாலும் தானியத்தையும் தித்திப்பையும் உடனே நிறுத்திக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். வயிற்றுவலியில் மருத்துவர் வரும்வரை எத்தீவனமும் கூடாது. எண்ணெயோ கஷாயமோ வாயில் ஊற்றலாகாது; அது நுரையீரலில் இறங்கிக் குதிரையைக் கொல்லக்கூடும். கால் நோயில் குதிரையை வற்புறுத்தி நடத்தாமல், மெத்தென்ற மணலில் நிறுத்திக் குளம்புகளைக் குளிர்ந்த நீரால் ஆற்றுதல் நலம்.

பலர் கொடுக்கும் சிறிது

சவாரிக் குதிரைக்கு மற்றொரு தொல்லையுண்டு. உரியவர் ஒரு துண்டு கொடுக்கிறார். வந்த உல்லாசப் பிரயாணிகள் பத்துப் பேர் பிஸ்கத்தும் மிட்டாயும் கொடுக்கின்றனர். ஒவ்வொருவர் கொடுத்ததும் சொற்பமே; கூட்டிப் பார்த்தால் அளவு தெரியும். சாக்லேட்டிலுள்ள சத்து குதிரைக்கு நஞ்சாகும். கையில் தின்று பழகிய குதிரை, பண்டம் இல்லாத கையையும் கடிக்கும். ஒரு குழந்தையைக் கடித்துவிட்டால் அந்தக் குதிரையின் பிழைப்பும் முடிந்தது.

ஆகவே பின்வரும் விதிகளை அனுசரிப்பது நலம்:

1. வெல்லம் நாளொன்றுக்கு நெல்லிக்காயளவுக்கு மேற்படலாகாது.
2. காரட்டை நீளவாக்கில் கீறிக் கொடுக்க வேண்டும். வட்டமாக நறுக்கிய துண்டு தொண்டையில் அடைக்கும்.
3. உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்தோ, தொட்டியில் இட்டோ கொடுக்க வேண்டும்.
4. சோறு, பொங்கல், ரொட்டி, மிட்டாய், சாக்லேட் ஆகியவற்றை விலக்க வேண்டும்.
5. நெடுந்தூரம் வந்து களைத்த குதிரைக்கு முதலில் தண்ணீரும் உலர்புல்லும்; தானியம் பிறகே.

குதிரை வைத்திருப்போர் ஒரு சங்கமாகச் சேர்ந்தால் இது எளிதில் நடக்கும். கீறிய காரட்டைச் சங்கமே மொத்தமாக வாங்கிச் சிறு பொட்டலமாக வைத்து, குதிரைக்கு நாளொன்றுக்கு இத்தனை பொட்டலம் என்று வரையறுக்கலாம். பிரயாணி வேறெதுவும் கொடுக்கலாகாதென்று பலகை எழுதி வைக்கலாம். ஒருவர் சொன்னால் வாடிக்கை போகும் என்ற அச்சம், எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது இராது. மருத்துவச் செலவுக்கு ஒரு சிறு நிதியும் சேர்த்து வைக்கலாம்.

குதிரையை மகிழ்விக்க வெல்லம் ஒன்றே வழியன்று. கழுத்து முதுகுடன் சேருமிடத்தை விரல்களால் நன்றாகச் சொறிந்து கொடுத்தால் குதிரை அமைதியடையும். அதன் இருதயத் துடிப்பும் தணியும். குதிரைகள் ஒன்றுக்கொன்று அன்பு காட்டும் முறையும் அதுவே. அதற்குச் செலவு ஒரு காசும் இல்லை. அளவுக்கு மிஞ்சினாலும் கேடில்லை.