தெருவில் குடியிருந்து எடுத்த படங்கள்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



புகைப்படம் கண்ணுக்கு வினோதமளிக்கும் பொருள் மாத்திரமன்று. ஒரு ஜனசமூகத்தின் வாழ்க்கைக்குச் சாட்சி கூறும் சாஸனமுமாம். இதற்கு இங்கிலாந்தின் நியூகாஸில் நகரத்து வரலாறொன்றை உதாரணமாகக் கூறுவோம்.

அந்நகரத்தில் பைக்கர் என்பது தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதி. அதன் பழைய வீட்டு வரிசைகளை இடித்துப் புதிய குடியிருப்பு அமைக்க நகரசபையார் முற்பட்டிருந்தனர். அக்காலத்தில், 1969-ஆம் ஆண்டில், பின்லாந்து தேசத்தவராகிய சிர்க்கா-லீசா கொன்டினன் என்னும் இளம்பெண்மணி அங்கே வந்தார். வறுமையைப் படம் பிடித்து மறுநாளே அகலும் யாத்ரீகரைப் போலாகாது, அங்கேயே குடியேறி அயலாருள் ஒருவரானார். பாழ்வீட்டில் எஞ்சிய பியானோவை ஒரு சிறுமி வாசிப்பதாக அவர் எடுத்த படம் பிரசித்தமானது. அதில் வீட்டின் சிதைவோடு அக்குழந்தையின் உயிர்த்துடிப்பையும் காண்கின்றோம். இறுதியில் அவர் குடியிருந்த வீடும் இடிக்கப்பட்டது.

வீடுகள் பழுதுற்றவை, புதியன வேண்டியதே. பைக்கர் மக்களைப் பிரிக்காமல் அங்கேயே குடியமர்த்துவதே நகரசபையாரின் நோக்கமும் ஆம். ஆயினும் பழைய குடிகளுள் மிகச் சிலரே அங்கு எஞ்சினர். வீட்டைக் கட்டித் தந்தவர்களால் அண்டை அயலைக் கட்டித் தர இயலவில்லை.

"படங்களால் ஒரு வீடேனும் நின்றதோ?" என்று தாங்கள் வினவலாம். நிற்கவில்லை, அதை மறைப்பது நேர்மையன்று. எனினும் இழந்தது யாது என்பதற்கு அப்படங்களே சாட்சியாயின. அவர் சேர்ந்திருந்த ஆம்பர் குழுவினர் 1977-இல் அந்நகரிலேயே சைடு என்னும் காட்சிச்சாலையைத் திறந்தனர். 1983-இல் 'பைக்கர்' நூலாக வெளிவந்தது. 2011-இல் அவருடைய படங்களும் ஆம்பர் குழுவினரின் திரைப்படங்களும் யுனெஸ்கோவின் உலக நினைவுத் திட்டத்தைச் சார்ந்த பிரிட்டிஷ் பதிவேட்டில் இடம்பெற்றன. ஆயினும் பொருள் உதவி நின்றமையால் 2023-இல் சைடு காட்சிச்சாலை மூடப்பட்டது. சாட்சியைத் தேடுவது போலவே அதைக் காப்பதும் கடினம்.

ஆதலின் நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நம் பெட்டிகளில் உறங்கும் படங்களை எடுத்து, அவற்றிலுள்ளோர் பெயர், தெரு, ஆண்டு ஆகியவற்றைப் பெரியோரிடம் கேட்டுப் பின்புறத்தில் எழுதிவைப்போமாக. புதிதாகப் படம் எடுப்போர் அவரவர் சம்மதம் பெற்று, ஒரு பிரதியை அவர்கட்கும் அளிப்பாராக. சொல்லத் தெரிந்தவர் மறைந்தபின், படம் இருந்தும் பயனில்லை. காலதாமதம் வேண்டாம்.