அறிக்கையை அவள் கையில் கொடுங்கள்

பெரியோர்களே, தாய்மார்களே, அய்யனார் கோவில் ஆற்றில் குளித்துவிட்டு நேரே இந்தப் பந்தலுக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே!

2006 டிசம்பரில் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வென்றார் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன். செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள். பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்தார்கள். ஆண்ட்ரோஜன் ஏற்பின்மை என்று பத்திரிகைகள் எழுதின. பெண்ணாகவே பிறந்து வளர்ந்தவரின் உடம்பை ஊர் உலகமெல்லாம் விவாதித்தது. 2012இல் அவர் சூளையில் கூலி வேலை பார்த்ததும் செய்தியானது. அவர் செய்த குற்றம் என்ன?

ஆண்ட்ரோஜன் ஏற்பின்மை என்றால் என்னவென்று கேளுங்கள். கருவில் எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் இருக்கும். வயிற்றுக்குள் விதைச் சுரப்பி உருவாகி ஆண் ஹார்மோன் சுரக்கும். ஆனால் அதை ஏற்கும் வழி செல்களில் அடைபட்டிருப்பதால் உடல் பெண்ணுடலாகவே வளர்கிறது. மார்பு வளரும், கருப்பை இருக்காது, மாதவிடாய் வராது. சில பெண் குழந்தைகளுக்குக் குடலிறக்க அறுவையின்போதே இது தெரியவரும். யார் செய்த பாவமும் இல்லை, தாயின் குறையும் இல்லை.

வயது வந்தும் பெரியவளாகாத பெண் பிள்ளை வீட்டில் இருந்தால், நம் பக்கத்தில் என்ன நடக்கிறது? "சடங்கு எப்போ வச்சிருக்கீங்க?" என்று கல்யாண வீட்டில் பத்துப் பேர் நடுவே கேட்கிறோம். தாய் நேர்த்திக்கடன் நேர்கிறாள்; கசாயம் காய்ச்சுகிறாள். மருத்துவரிடம் போனாலும் பேச்செல்லாம் அப்பாவோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கு மட்டும் எதுவும் தெரியாது. இதைத்தான் நான் பெருங்கொடுமை என்கிறேன்.

திருமால் மோகினியாகி, சிவனுக்குப் பிறந்த அரிகரபுத்திரன் என்று அய்யனாரைக் கும்பிடுகிற மக்கள் நாம். ஆண், பெண் என்ற கோட்டைத் தாண்டிய பிறப்பை மலையடிவாரக் கோவிலில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து பிள்ளையிடம் மறைக்கலாமா?

சட்டம் நம்மை முந்திவிட்டது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இப்படி ஆண், பெண் என்ற வரையறைக்குள் அடங்காத உடலோடு பிறக்கும் இடைப்பாலினக் குழந்தைகளை ஆணாக்கவோ பெண்ணாக்கவோ கத்தி வைக்கக் கூடாது என்றார். அந்த ஆகஸ்டிலேயே தமிழக அரசு தடை ஆணை போட்டது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே விலக்கு. இந்தியாவில் முதலில் செய்தது தமிழ்நாடு! இதற்காக விடாமல் போராடியவர்களில் ஒருவர் மதுரையின் கோபி சங்கர். 2011இல் சிருஷ்டி மதுரை அமைப்பைத் தொடங்கியவர்.

தாய்மார்களே, பதினைந்து வயதாகியும் மகள் பெரியவளாகவில்லை என்றால் காத்திருக்காதீர்கள். காரணம் வேறாகவும் இருக்கலாம்; தைராய்டாகக்கூட இருக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ஹார்மோன் மருத்துவர் யார் என்று கேளுங்கள். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, குரோமோசோம் பரிசோதனை செய்தால் விவரம் தெரியும். வயிற்றுக்குள் இருக்கும் விதைச் சுரப்பியை அகற்றச் சொன்னால், இப்போதே வேண்டுமா என்று கேளுங்கள். அகற்றினால் எலும்பு தேயாமலிருக்க ஹார்மோன் மருந்து தொடர வேண்டும். அதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வந்த அறிக்கையைப் பீரோவில் பூட்டாதீர்கள். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவளுக்குப் புரியும்படி மருத்துவரையே சொல்லச் சொல்லுங்கள். மற்றவர்களே, இன்றிலிருந்து எந்தப் பெண் பிள்ளையிடமும் அந்தச் சடங்குக் கேள்வியைக் கேட்காதீர்கள்.