காசியில் ஒரு நாள்



காசிக்குச் சுற்றுலாவாகச் செல்வோர் பலருக்கு அங்குக் கிடைப்பது ஒரே நாள். அந்த ஒரு நாளும் யாத்திரையாவதும் வெறும் உல்லாசப் பயணமாவதும் அவரவர் உள்ளத்தைப் பொறுத்ததாகும்.

வடக்கு நோக்கித் திரும்பி ஓடும் கங்கையில் விடியற்காலையில் படகேறுவோர், 80க்கும் மேற்பட்ட படித்துறைகளைக் காண்பர். அனுமன் கட்டத்தருகே 1898 முதல் சில ஆண்டுகள் மகாகவி பாரதியார் வாழ்ந்தார். கேதார கட்டத்தில், 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குமரகுருபர சுவாமிகள் நிறுவிய திருமடம் விளங்குகின்றது. இராணி அகல்யாபாய் 1780இல் எழுப்பிய விசுவநாதர் ஆலயத்திற்கு, நகரத்தார் சத்திரத்திலிருந்து பூசைப் பொருள்கள் நாள்தோறும் செல்கின்றன.

மணிகர்ணிகா கட்டத்தில் இரவும் பகலும் சிதைகள் எரிகின்றன. அங்கே படம் பிடிக்க முனைவோர் ஒன்றை நினைத்தல் வேண்டும். எரிவது யாரோ ஒருவரின் தாய். யாரோ ஒருவரின் தந்தை. கரையில் நிற்கும் மகனின் கண்ணீர் காட்சிப்பொருளன்று. காசியில் உயிர் நீத்தோர் செவியில் ஈசனே தாரக மந்திரம் ஓதுகின்றான் என்பது நம் முன்னோர் நம்பிக்கை. ஆதலின் அத்துறையும் ஒரு சந்நிதியே ஆகும்.

படக்கருவியைத் தாழ்த்திக் கைகூப்புபவர் அக்கணமே யாத்திரிகராகின்றார். அதற்கு ஒரு நாள் வேண்டுவதில்லை. ஒரு நொடி போதும்.

திருச்சிற்றம்பலம்.