உறுப்புகள் கூடி ஒரு கிதார்



ஒரு பொருளை அடிமுதல் முடிவரை ஒருவரே செய்தால்தான் அது கைத்தொழில். பிறர் செய்த உறுப்புகளை விலைக்கு வாங்கி வந்து ஒன்றாகப் பூட்டுவது வெறும் திருகாணி வேலை என்று கருதுவோர் பலர். இக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை மேனாட்டு இசைக்கருவி ஒன்றைக் கொண்டு இன்று ஆராய்ந்து பார்ப்போம். அக்கருவி மின்கிதார். அதன் இசை என் செவிக்கு இன்னும் முழுவதும் இனிக்கவில்லை என்பதை முன்னரே சொல்லிவிடுகிறேன். ஆயினும் அதன் அமைப்பை நோக்குந்தோறும் எனக்கு வியப்பு மிகுகின்றது.

பழைய கிதார்களில் கழுத்து உடலோடு பசையிட்டு ஒட்டப்பட்டிருக்கும். கழுத்து கோணிப் போனால் கைதேர்ந்த தச்சரிடம்தான் கொண்டு செல்ல வேண்டும். இந்நிலையை மாற்றியவர் அமெரிக்காவில், கலிபோர்னியாவைச் சேர்ந்த புல்லர்ட்டன் என்னும் ஊரில் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்துவந்த லியோ பெண்டர் என்பவர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது! பழுது பார்ப்பவர் கண்கொண்டே அவர் கருவியை நோக்கினார். கெட்ட உறுப்பை மட்டும் கழற்றிப் புதியதை மாட்ட ஏன் இயலாது என்று எண்ணினார். கெட்டியான பலகையில் உடலைச் செய்து, நான்கு திருகுகளால் கழுத்தை அதனோடு பிணைத்தார். 1950-இல் வெளிவந்த அக்கருவிக்குப் 'பிராட்காஸ்டர்', அதாவது 'ஒலிபரப்பி', என்று பெயர் சூட்டினார். வானொலிக்காரர் வேறென்ன பெயர் வைப்பார்? அப்பெயர் தமக்குரியது என்று வேறொரு நிறுவனம் மறுப்புரைக்கவே, 1951-இல் அது 'டெலிகாஸ்டர்' ஆயிற்று. 1954-இல் 'ஸ்ட்ராட்டோகாஸ்டர்' என்னும் கருவியும் வந்தது. ஆணியும் பசையும் போய்த் திருகு வந்த அன்றே, உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிச் சேர்க்கும் வழியும் திறந்துவிட்டது எனலாம்.

நம் வீணையின் உறுப்புகளை நீங்கள் அறிவீர்கள். பிரடை, மேரு, மெட்டு, குதிரை ஆகியவற்றுக்கு ஒத்த உறுப்புகள் கிதாரிலும் உண்டு. ஆதலின் அப்பெயர்களையே இங்கும் வழங்குவேன். வீணையில் உள்ள குடம் மட்டும் மின்கிதாருக்கு இல்லை. அதன் வேலையைக் காந்தமும் கம்பிச் சுருளும் செய்கின்றன. எஃகுத் தந்திகளின் கீழே ஒரு காந்தம். அதனைச் சுற்றித் தலைமயிர் அளவே பருமனுள்ள செப்புக் கம்பி ஏழாயிரம் எட்டாயிரம் சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். காந்தத்தின் அருகில் எஃகுத் தந்தி அதிரும்பொழுது காந்தப்புலம் ஏறி இறங்குகிறது. அதனால் சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது. 1831-இல் மைக்கேல் பாரடே கண்ட மின்தூண்டல் விதி இதுவே. நைலான் தந்தி பூட்டினால் இக்கருவி வாய் திறவாது. ஏனென்பதை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

இச்சுருளுக்கு ஒரு குறையும் உண்டு. தந்தியின் அதிர்வை ஏற்பது போலவே, சுற்றியுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் அது ஏற்றுக்கொள்ளும். கிப்சன் நிறுவனத்தில் பணியாற்றிய சேத் லவர் என்னும் பொறியியலார் 1955-இல் இதற்கு ஒரு வழி கண்டார். இரண்டு சுருள்களை அருகருகே வைத்து, ஒன்றின் காந்த முனையையும் மின் திசையையும் மற்றதற்கு எதிராக அமைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராய்த் தோன்றி அழிந்துவிடும். தந்தியின் ஒலியோ இரண்டிலும் ஒருமுகமாய்ச் சேர்ந்து வலிமை பெறும். நெகிழ்ந்து திரண்ட ஓசை அதற்கு.

இனி இக்கதையின் நாயகரிடம் வருவோம். எட்வர்டு வான் ஹேலன் 1955-இல் ஆலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் பிறந்தவர். தந்தையார் கிளாரினெட்டும் சாக்சபோனும் வாசிப்பவர். 1962-இல் அக்குடும்பம் கலிபோர்னியாவில் உள்ள பாசடேனாவில் குடியேறியது. இளைஞராகிய எட்வர்டு கிதாரில் வல்லவரானார். ஆனால் அவர் விரும்பிய கருவி எந்தக் கடையிலும் இல்லை. கிப்சன் கிதாரின் திரண்ட ஓசை அவருக்கு வேண்டும். ஸ்ட்ராட்டோகாஸ்டரில், தந்திகளின் இறுக்கத்தைத் தளர்த்தியும் கூட்டியும் சுரத்தை வளைக்கும் ஒரு கைப்பிடி உண்டு, அதுவும் வேண்டும். முன்னதில் கைப்பிடி அவர் விரும்பிய வகையில் இல்லை. பின்னதில் ஓசை மெலிது, இரைச்சலோ மிகுதி.

1970-களின் நடுவில், கிதார் உறுப்புகளை மட்டும் செய்து விற்கும் சிறு பட்டறைகள் கலிபோர்னியாவில் தோன்றியிருந்தன. அத்தகைய ஓரிடத்தில், குறையுள்ளதென ஒதுக்கப்பட்டுக் கிடந்த உடல் ஒன்றை 50 டாலருக்கும், கழுத்து ஒன்றை 80 டாலருக்கும் அவர் வாங்கினார். தம்மிடமிருந்த கிப்சன் கிதாரிலிருந்து இரட்டைச் சுருளைக் கழற்றினார். உளியால் உடலைக் குடைந்து அதனைப் பதித்தார். ஒலிபெருக்கியை உரக்க வைத்தால் சுருளின் கம்பிகள் தாமே அதிர்ந்து கீச்சிடும். அதனைத் தடுக்கச் சுருளை உருகிய மெழுகில் தோய்த்தெடுத்தார். இரு நிறுவனங்களின் தந்தி இடைவெளிகள் ஒத்து வரவில்லை. எனவே ஒவ்வொரு தந்தியும் தனக்குரிய காந்த முனைக்கு மேலே நிற்குமாறு சுருளைச் சற்றே சாய்த்து வைத்தார். பல குமிழ்களுக்குரிய மின் இணைப்புகள் சிக்கலாய் இருந்தமையால் அவற்றை விட்டொழித்து, ஒலியளவுக்கு ஒரே ஒரு குமிழை வைத்துக்கொண்டார். மேலே கருநிறமும் வெண்கோடுகளும் தீட்டினார். பின்னர் 1979-இல் செந்நிறமும் சேர்ந்தது.

பார்ப்பதற்கு அஃது அழகிய கருவி அன்று. எனினும் 1978-இல் வெளிவந்த அவர் குழுவின் முதல் இசைத்தட்டில் அக்கருவியைக் கேட்ட இளைஞர்கள், அந்த ஓசை எங்ஙனம் பிறந்தது என்று தேடித் திரிந்தனர். தொழிற்சாலைகளும் அதன்பின் ஒற்றைக் குமிழும் இரட்டைச் சுருளும் உள்ள கருவிகளைச் செய்யத் தலைப்பட்டன. 2007-இல் பெண்டர் நிறுவனமே அக்கருவியின் கீறலும் தழும்பும் மாறாத 300 படிகளைச் செய்து விற்றது. கடையில் இல்லாததொன்றை விரும்பியவனே கடைக்கு வழிகாட்டினான். எட்வர்டு 2020-இல் காலமானார்.

இதைக் கேட்டதும் நாமும் உறுப்புகளை வாங்கிப் பூட்டிவிடலாம் என்று ஒரு மாணவன் எழுவானாயின், அவனைச் சற்றே அமர்த்திவைத்து ஒரு கணக்குப் போடச் சொல்வேன். பள்ளி ஆய்வுக்கூடத்தில் சுரமானிப் பெட்டியைக் கண்டிருப்பீர்கள். தந்தியின் நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிக்கும் என்பதை அதில் மெய்ப்பித்துக் காட்டுவோம். "இதனால் என்ன பயன், ஐயா?" என்று ஆண்டுதோறும் ஒருவனாவது கேட்பான். இதோ பயன்.

கிதாரில் மேருவுக்கும் குதிரைக்கும் இடைப்பட்ட தந்தி நீளமே அனைத்துக்கும் அடிப்படை. பெண்டர் வகையில் அது 648 மில்லிமீட்டர். கிப்சன் வகையில் ஏறத்தாழ 628. ஒரு தானத்தைப் பன்னிரண்டு சமபங்குகளாக்கினால், ஒவ்வொரு படிக்கும் தந்தி நீளத்தை 1.0595-ஆல் வகுத்துக்கொண்டே போக வேண்டும். 648-க்கு முதல் மெட்டு மேருவிலிருந்து 36.4 மில்லிமீட்டரில் விழும். அடுத்தது அதற்கப்பால் 34.3-இல், இவ்வாறு குறுகிக்கொண்டே வந்து பன்னிரண்டாம் மெட்டு சரிபாதியாகிய 324-இல் நிற்கும். நம் வீணையில் மெட்டுக்களை மெழுகில் பதிக்கிறோம். பிழை நேரின் மெழுகை இளக்கிச் செவியறிவால் திருத்திக்கொள்ளலாம். கிதாரில் மெட்டுக்கள் மரத்தில் அறைந்தவை; அசையா.

இப்பொழுது ஒருவன், விலை மலிவென்று 648-க்குச் செய்த கழுத்தை ஓரிடத்திலும், குதிரைக்குரிய துளைகளை 628-க்கு இட்ட உடலை வேறோரிடத்திலும் வாங்கிவிட்டான் என்க. இரண்டும் அழகியவை, இரண்டும் குற்றமற்றவை. பூட்டினால், பன்னிரண்டாம் மெட்டுக்கும் குதிரைக்கும் இடையே 314 இருக்க வேண்டிய இடத்தில் 304 தான் இருக்கும். அங்கே அழுத்தி மீட்டினால், ஒலி மேல்தானத்தில் நில்லாது, அரைச்சுரத்தில் பாதிக்கும் மேலாக ஏறிவிடும். பிரடையை எத்துணை முறுக்கினும் இக்குறை தீராது. குதிரையின் நகர்வோ சில மில்லிமீட்டரே. கூலி கொடுத்துத் துளைகளை அடைத்து வேறிடத்தில் இட வேண்டும். அன்றேல் வாங்கியது வீண். தன் சிறு சேமிப்பையெல்லாம் இதில் இட்ட மாணவனுக்கு அது சிறிய இழப்பாகாது. எனவே, முதற்கண் வாங்க வேண்டியது மரமும் அன்று, காந்தமும் அன்று. ஓர் எஃகு அளவுகோல்.

அளவு ஒத்துவிட்டால் எஞ்சியது பொறுமை. கழுத்து உடலில் உள்ள குழியில் ஆடாமல் அமர வேண்டும். திருகுகளை ஒன்றை முற்றமுறுக்கி மற்றதற்குச் செல்லாமல், நான்கையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். கழுத்துக்கு மேப்பிள் மரம் வழக்கம். அதன் மேலே விரல் படும் பலகைக்கு, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம் உலகெங்கும் விரும்பப்படுகிறது. ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ விசையுடன் கழுத்தை இழுக்கும். அது வில்லாய் வளையாதிருக்க உள்ளே ஓர் எஃகுக் கம்பி உண்டு. அதன் மரையைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருப்பலாகாது. பற்றாசு வைக்கும்பொழுது இணைப்பு பளபளப்பாய் ஆறினால் நன்று. மங்கி மண் போல் ஆறினால் மீண்டும் சூடாக்கிச் செய்ய வேண்டும். குதிரையிலிருந்து தரையிணைப்புக் கம்பி ஒன்று செல்ல வேண்டும். அதனை மறந்தால் கருவி ஓயாது உறுமும்.

செலவு குறையுமா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் குறையாது. விற்க நேர்ந்தாலோ, இத்தகைய கருவிக்கு உறுப்புகளின் விலை கூடக் கிட்டுவது அரிது. ஒரு விலக்கை மட்டும் சொல்கிறேன். ஆங்கிலக் கலைஞர் எரிக் கிளாப்டன் 1970-இல் நாஷ்வில் நகரக் கடையொன்றில் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் ஆறு வாங்கினார். மூன்றை நண்பர்களுக்கு ஈந்தார். எஞ்சிய மூன்றிலும் சிறந்த உறுப்புகளைத் தேர்ந்து ஒரே கருவியாக்கினார். அது 2004-இல் போதைநோயாளர் மறுவாழ்வு இல்லம் ஒன்றுக்காக ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போயிற்று. அந்த விலை கிளாப்டனின் கைகளுக்கு, திருகாணிகளுக்கன்று.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால், தொடக்கத்தில் சொன்ன 'திருகாணி வேலை' என்னும் சொல் எனக்கு ஒப்பவில்லை. பிறர் அறுத்த மரமும் பிறர் சுற்றிய சுருளுமே ஆயினும், அவை ஒன்றுக்கொன்று இசைந்து நிற்பதற்குரிய பொறுப்பைப் பூட்டுபவன் ஒருவனே ஏற்கிறான்.

கடைசி வேலை ஒன்று உண்டு. தந்தியைச் சுருதி சேர்த்தபின், பன்னிரண்டாம் மெட்டின் மேலே விரலால் தொட்டும் தொடாமலும் மீட்டினால் எழும் மெல்லொலியையும், அதே மெட்டில் அழுத்தி மீட்டினால் எழும் ஒலியையும் ஒப்பிட்டுக் கேளுங்கள். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் குதிரையில் அத்தந்திக்குரிய துண்டைச் சற்றுப் பின்னே தள்ளுங்கள். இறங்கியிருந்தால் முன்னே கொணருங்கள். மீண்டும் சுருதி சேர்த்து மீண்டும் கேளுங்கள். ஆறு தந்திகளுக்கும் இதனைச் செய்து முடிக்க ஒரு மாலைப்பொழுது பிடிக்கும். புதிய தந்திகள் இரவெல்லாம் நீண்டு கொடுக்குமாதலால், மறுநாள் காலையிலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.