நித்திய கர்மாவும் ஒரு சின்ன மாத்திரையும்
(நமது சபையின் கரமனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நான் டாக்டர் அல்ல, பழைய பி.எஸ்ஸி., சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். ரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேச எனக்குள்ள ஒரே யோக்யதை, மாத்திரையை நானே நிறுத்திப் பட்டுக்கொண்டதுதான்.

64 வயதில் எனக்கு 170/100 இருந்தது. தினமும் ஒரு ஆம்லோடிபின் சாப்பிட்டேன். சில மாதங்களில் 126/80 ஆயிற்று. வியாதி போய்விட்டதென்று நிறுத்திவிட்டேன். ஆத்துக்காரி கேட்டதற்கு, "சயன்ஸ் படித்தவனுக்குத் தெரியாதா?" என்றேன். தலைவலிகூட வரவில்லை. ஐந்தாம் மாதம் ஒருநாள் காலை சந்தியாவந்தனத்தில் உத்தரணி கைநழுவி விழுந்தது, வாய் கோணிற்று. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் பிழைத்தேன். இன்றும் சட்டைப் பித்தானை அவள்தான் போட்டுவிடுகிறாள்.

126/80 என்பது வியாதி குணமானதற்கு அடையாளம் அல்ல. மாத்திரை வேலை செய்வதற்கு அடையாளம். ஆம்லோடிபின், ரத்தக் குழாய்த் தசைக்குள் கால்சியம் நுழைவதைக் குறைத்துக் குழாயைத் தளர்த்துகிறது. மருந்து உடம்பைவிட்டு நீங்கினால் குழாய் பழையபடி இறுகும். இதை அன்று நான் யோசிக்கவில்லை.

என்னைப் போன்றவர்கள் ஏராளம். வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளிகளில் சுமார் பாதிப்பேர்தான் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-ல் சொன்னது. நம்மிடையே ஏகாதசி, கல்யாணம், குருவாயூர் யாத்திரை என்று காரணங்களுக்குக் குறைவில்லை. உபவாச நாளில் என்ன செய்வதென்று டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஆம்லோடிபினால் கால் வீங்கலாம். எனலாப்ரிலால் வறட்டு இருமல் வரலாம். சொன்னால் டாக்டர் மருந்தை மாற்றித் தருவார். நீங்களாக நிறுத்தாதீர்கள், அட்டெனலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்துவது அபாயம்.

இன்னொன்று: டாக்டரிடம் பொய் சொல்லாதீர்கள். விட்டுவிட்டுச் சாப்பிட்டு, "ஒழுங்காகச் சாப்பிடறேன்" என்றால், மருந்து போதவில்லை என்று அவர் மேலும் ஒன்றைச் சேர்ப்பார்.

செலவும் பெரிதல்ல. 2017-ல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் முதல் ஐந்து மாநிலங்களுள் கேரளமும் ஒன்று. அரசு சுகாதார நிலையங்களில் இம்மருந்துகளை இலவசமாகத் தரும் ஏற்பாடு உண்டு.

நித்திய கர்மாவைச் செய்தால் தனிப் பலன் தெரியாது. விட்டால் தோஷம் என்பார்கள். மாத்திரையும் அப்படித்தான். இப்போது என் மாத்திரை டப்பா பஞ்சபாத்திரத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. ஜபம் முடிந்ததும் மாத்திரை, பிறகுதான் காபி. ஒருநாள் மறந்துபோனாலும் மறுநாள் இரண்டாகச் சாப்பிடுவதில்லை. உங்கள் டப்பாவையும் இன்றே கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.