வீட்டில் மூன்று வண்டிகள்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இலக்கியச் சுவையிலும் இசை இன்பத்திலும் திளைத்திருக்கும் உங்கள் முன் பழைய மோட்டார் வண்டிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். ஆண்டு விழாவுக்கு ஏற்ற பொருளா இது என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும் நம் தில்லிக் காலனிகளில் எந்தச் சந்தில் நுழைந்தாலும் போர்வை போர்த்தி நிற்கும் பழைய வண்டி ஒன்றாவது கண்ணில் படாமல் இராது. வைத்துக்கொள்வதா, விற்பதா, புதுப்பிப்பதா என்ற கேள்விக்கு விடை காணாமல் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் தவிக்கின்றன. எங்கள் குடும்பமும் தவித்தது. அந்த அனுபவத்தை உங்களோடு பகிர்ந்துகொள்வதே எங்கள் நோக்கம்.

அப்பா காலமானபோது வீட்டில் மூன்று வண்டிகள் இருந்தன. முதலாவது 1966-ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சென்னைக்கு அருகே வண்டலூர், பெருங்களத்தூர் பகுதியில் இயங்கிய தொழிற்சாலையில் உருவான வண்டி அது. மாற்றலாகிப் போன அதிகாரி ஒருவரிடமிருந்து 1972-இல் அப்பா அதை வாங்கினார். நம் ஊர்ப் பக்கத்து மண்ணில் பிறந்த வண்டி இத்தனை தொலைவு வந்து நம்மோடு வாழ்கிறது என்பதில் அவருக்குத் தனிப் பெருமை உண்டு. அதில் ஏறியே நாங்கள் ஒரு கோடை விடுமுறையில் கும்பகோணம் வரை போய்த் திரும்பினோம். 1991-க்குப் பிறகு அது ஓடவில்லை.

இரண்டாவது 1999-இல் வாங்கிய மாருதி 800. நாங்கள் மூவரும் வண்டி ஓட்டக் கற்றது அதில்தான். மூன்றாவது, 2014-இல் வாங்கிய உயரமான சிறிய பெட்ரோல் வண்டி. அதைப் பற்றி யாரும் கதை சொன்னதில்லை. ஏனெனில் அது தினமும் ஓடிக்கொண்டிருந்தது.

காரியங்கள் முடிந்த பின்னர் கூடிப் பேசினோம். ஆளுக்குக் கொஞ்சமாகச் சேர்த்து இரண்டரை லட்சம் ரூபாய் ஒதுக்கினோம். ஹெரால்டைப் பழைய பொலிவோடு முழுமையாகப் புதுப்பிக்க ஆறு லட்சம் ஆகும் என்று ஒரு பட்டறைக்காரர் கணக்குக் கொடுத்தார். இளையவர் ஒரு வழி சொன்னார்: "2014 வண்டியை இப்போதே விற்றால் இரண்டு லட்சம் வரும். மீதிக்கு நான் கடன் வாங்குகிறேன். அப்பா பெயரைச் சொல்ல ஹெரால்டு ஒன்று நின்றால் போதும்." எங்களில் பெரும்பாலோர் தலையசைத்தோம்.

அதுவரை ஊஞ்சலில் மௌனமாக அமர்ந்திருந்த அம்மா கேட்டார்: "இவ்வளவு நேரம் பேசினீர்களே, செவ்வாய்க்கிழமை என்னை எதில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவீர்கள் என்று ஒருவராவது சொன்னீர்களா?"

எங்களுக்குப் பேச்சு எழவில்லை. முழங்கால் நோயுற்ற அம்மாவால் ஹெரால்டின் தாழ்ந்த இருக்கையில் இறங்கி அமரவும் முடியாது, எழுந்து வரவும் முடியாது. இது நாங்கள் மூவரும் அறிந்த செய்தி. அறிந்தும் மறந்திருந்தோம். அன்றிரவு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம். இம்முறை வண்டிகளின் வரிசையை விட்டுவிட்டு, கேள்விகளை வரிசைப்படுத்தினோம்.

முதற் கேள்வி: இந்த வண்டியால் அன்றாடம் யாருக்குப் பயன்? இரண்டாவது: சட்டம் எதை அனுமதிக்கிறது? மூன்றாவது: ஓடாமல் நின்றாலும் இதற்கு ஆகும் செலவு என்ன? நான்காவது: பழுது எங்கே இருக்கிறது, எஞ்சினிலா, இரும்புச் சட்டத்திலா? பாசம் என்பது ஐந்தாவது கேள்வி. அதை ஒதுக்கவில்லை; ஆனால் முன்னால் வைக்கவில்லை.

சட்டத்தைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். தலைநகரிலும் அதைச் சுற்றியுள்ள வட்டாரத்திலும் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடலாகாது என்ற நிலையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலை முதல் தேதி அத்தகைய வண்டிகளுக்கு எரிபொருள் மறுக்கும் ஏற்பாடு தொடங்கிச் சில நாட்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டு மாதம், வயதை மட்டும் காரணமாக்கிக் கடும் நடவடிக்கை வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. டிசம்பர் மாதம், அந்தப் பாதுகாப்பு பி.எஸ்.-4 தரமும் அதற்கு மேற்பட்ட தரமும் உள்ள வண்டிகளுக்கே உரியது என்று வரையறுத்தது. ஒரே ஆண்டில் இத்தனை மாற்றங்கள்! ஆகவே முடிவெடுக்கும் நாளில் நடப்பிலுள்ள விதி எது என்று நேரில் அறிந்துகொள்வது நலம். சென்ற ஆண்டு பக்கத்து வீட்டார் சொன்னதை நம்பி இருந்துவிடக் கூடாது.

இந்த உரைகல்லில் உரைத்தபோது 2014 வண்டி முதலில் தேறியது. பதினைந்து ஆண்டு நிறைய 2029 வரை காலம் இருக்கிறது, தரமும் பி.எஸ்.-4. அம்மாவின் இடுப்பு உயரத்தில் இருக்கை. அதை வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தோம்.

மாருதி 800-தான் எங்களை அழ வைத்தது. மனம் முழுவதும் அதன் பக்கம் இருந்தது. சட்டமோ இடம் தரவில்லை. பழம்பெருமை வண்டி என்று பதிவு செய்ய ஐம்பது ஆண்டு நிறைய வேண்டும். அதற்கு ஆனதோ அதில் பாதி. அடியிலே துரு. வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக ஆட்சேபணையில்லாச் சான்று பெறும் வழியை எண்ணினோம். பழுது நீக்கும் செலவே அதன் விலையைத் தாண்டிற்று. எனவே அரசு பதிவு பெற்ற உடைப்புக் கூடத்தில் ஒப்படைத்து அதற்கான சான்று பெற்றோம். அச்சான்றைக் காட்டிப் புதிய வண்டி வாங்கினால் மோட்டார் வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரலாம் என்று 2021-இல் மத்திய அரசு அறிவித்திருக்கிறது. தெரு வியாபாரி நூறு ரூபாய் கூடுதலாகத் தருகிறார் என்று தாள் எதுவும் இல்லாமல் வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ, விபத்து நேர்ந்தால் அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது. விற்றவர் கையெழுத்திட்டதோடு கடமை தீராது. பெயர் மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகே தீரும்.

இனி ஹெரால்டு. 2021 ஜூலையில் வெளியான மத்திய மோட்டார் வாகன விதியின்படி, ஐம்பது ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாமல் பேணப்படும் சொந்த வண்டியைப் பழம்பெருமை வண்டியாகப் பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய். பத்து ஆண்டுக்குச் செல்லும். கண்காட்சிக்கும் பழைய வண்டி அணிவகுப்புக்கும் எரிபொருள் நிரப்பவும் பழுது பார்க்கவும் ஓட்டலாம். அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டலாகாது. ஆகவே, ஆறு லட்சம் செலவிட்டிருந்தாலும் செவ்வாய்க்கிழமை அம்மாவை அதில் அழைத்துப் போயிருக்க முடியாது!

முழுமையான புதுப்பிப்பைக் கைவிட்டு, பாதுகாப்பாக ஓடும் நிலைக்குக் கொண்டுவருவது மட்டுமே இலக்கு என்று வகுத்தோம். பெரும்பாலான கார்களைப் போல் அல்லாமல் ஹெரால்டுக்குச் சேஸிஸ் தனி. உடற்பகுதி அதன்மேல் போல்ட்டால் பொருத்தப்பட்டது. முன்புறம் முழுவதும் பானெட்டோடு சேர்ந்து முன்னோக்கிச் சாய்வதால் எஞ்சின் வேலை எளிது. ஆனால் சேஸிஸ் துருப்பிடித்திருந்தால் மற்ற எல்லாச் செலவும் வீண். ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றித் தகட்டின்மேல் நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, புட்டிதான் இருக்கிறது. ஒரு ரூபாய் செலவில்லாத இந்தச் சோதனை எங்களுக்குப் பல உண்மைகளைச் சொல்லிற்று.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் சேஸிஸ், பிறகு பிரேக், அதன்பின் பெட்ரோல் டாங்கியும் குழாய்களும், ரேடியேட்டர், மின்கம்பிகள், பெயிண்ட் கடைசியில். பெயிண்டை முதலில் அடித்தால் பிறகு வைக்கும் வெல்டிங் அதை எரித்துவிடும். எரிபொருளும் மாறியிருக்கிறது. ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-இல் நின்றது. பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் அந்த ஈயத்தை நம்பியவை. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறது. அது பழைய ரப்பர்க் குழாய்களைக் கெடுக்கும், ஈரத்தை ஈர்க்கும். எனவே கடினமான வால்வு இருக்கைகளும் புதிய குழாய்களும் பொருத்தினோம்.

கணக்கு இதுதான்: வேலைக்கு 1,60,000, பதிவுக்கு 20,000, எதிர்பாராததற்கு 70,000. தரைவிரிப்பைத் தூக்கியதும் தரைத் தகடு சல்லடையாக இருக்கக் கண்டோம். ஒதுக்கியதில் 45,000 அதற்கே போயிற்று. ஒதுக்காமல் இருந்திருந்தால் வண்டி பட்டறையிலேயே பாதியில் நின்றிருக்கும். பெயிண்ட் இன்னும் அடிக்கவில்லை. ஆங்காங்கே நிறம் மங்கிய கதவுகளோடுதான் நிற்கிறது, நிற்கட்டும்.

அலமாரியை ஒழுங்கு செய்கையில் அப்பாவின் கணக்குப் புத்தகம் அகப்பட்டது. ஐம்பது ஆண்டுகளாகப் போட்ட பெட்ரோல், மாற்றிய எண்ணெய் அனைத்தும் அவர் கையெழுத்தில். ஹெரால்டின் பெயர் 1991-க்குப் பிறகு அதில் இல்லை. கடைசிப் பக்கத்தின் கடைசி வரி இப்படி இருந்தது: "ஆஸ்பத்திரி வண்டிக்கு டயர் 4." நாங்கள் விற்கத் துணிந்த வண்டிக்கு அவர் வைத்திருந்த பெயர் அது. இளையவர் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடன் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை.

ஹெரால்டு முதன்முதலில் வளாகத்துக்குள் ஒரு சுற்று வந்த காலையில், பேத்தி எலுமிச்சம்பழம் வைத்தாள். வாசற்படியில் நின்று பார்த்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "பிரேக் பிடிக்கிறதா?" பிடிக்கிறது என்றோம். மறுநாள் செவ்வாய்க்கிழமை. வழக்கமான வண்டியில் வழக்கமான நேரத்துக்குப் புறப்பட்டோம்.

அன்பர்களே! உங்கள் வீட்டிலும் போர்வைக்குள் ஒரு வண்டி இருக்குமாயின், அதைப் பற்றிப் பேசும் கூட்டத்தில் ஓட்டத் தெரியாதவரையும் உட்கார வையுங்கள். அதில் ஏறிப் போக வேண்டியவர் அவராகவே இருக்கக்கூடும்.