வாய் வறட்சியும் பற்களின் காவலும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இயலும் இசையும் மணக்கும் இம்மேடையில் பல் நோயைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், நம் இல்லங்களில் பலரும் பொருட்படுத்தாது விடும் ஒரு துன்பத்தை இன்று எடுத்துரைக்க விழைகின்றோம். அது வாய் வறட்சி.

நலமுள்ளோர் வாயில் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கின்றது. அது உணவை நனைப்பதோடு நிற்பதில்லை. வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையிலிருந்து உண்டாக்கும் அமிலத்தைத் தணிக்கின்றது. எனாமலிலிருந்து கரைந்த சுண்ணச் சத்தை மீண்டும் படியச் செய்கின்றது. இக்காவல் நீங்கின் பல் கெடுதல் திண்ணம்.

ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன், கண்ணும் வாயும் வறண்ட 19 பெண்களை ஆராய்ந்து 1933-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அவர் பெயராலேயே ஷோகிரன் நோய் வழங்குகின்றது. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே, பகையென மயங்கி, உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் கண்ணீர்ச் சுரப்பிகளையும் தாக்குவது இந்நோய். இது ஆடவரினும் பெண்டிரையே பெரிதும் பற்றும். முடக்குவாதம் உடையோர்க்கும் உடன் வருவதுண்டு.

இந்நோயில் ஈற்றோரத்திலும் முன்பல்லின் நுனியிலுங்கூடச் சொத்தை விழும். நாக்கு வெடித்து எரியும், பூஞ்சை படர்ந்து வாய் புண்ணாகும், பொய்ப்பற்கள் உறுத்தும், சிலருக்குக் காதின் கீழ்க் கன்னம் வீங்கும். ஒழுங்காகப் பல் துலக்கியும் பற்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கெடும் ஒரு தாயைத் தூய்மையற்றவர் எனக் கடிந்துகொள்ளுதல் தகுமோ?

அத்தாயோ, "வயதாகிவிட்டது, இவ்வூர்ப் புழுக்கம் அப்படி" என்று தமக்குத்தாமே அமைதி கூறி, தலைமாட்டில் செம்பு நீரை வைத்துக்கொண்டு படுக்கின்றார். மூன்று திங்களுக்கு மேல் நாள்தோறும் வாய் வறண்டிருந்தாலும், நீரின்றி ரொட்டியை விழுங்க இயலாவிட்டாலும், கண்ணில் மணல் உறுத்துவது போன்றிருந்தாலும் மருத்துவரைக் காண வேண்டும். வறட்சியெல்லாம் இந்நோயன்று. நீரிழிவும், இரத்த அழுத்தம், ஒவ்வாமை, மனச்சோர்வு ஆகியவற்றுக்கான சில மருந்துகளும் காரணமாகலாம். இரத்தச் சோதனை, கண்ணீரை அளத்தல், கீழுதட்டின் உட்புறச் சிறு சுரப்பியை எடுத்து ஆராய்தல் ஆகியவற்றால் உண்மை துலங்கும். சிலருக்கு நுரையீரலும் நரம்பும் தாக்குறும். நிணநீர்ப் புற்று வரும் வாய்ப்பும் பிறரினும் கூடுதல். ஆகவே தொடர்ந்த கண்காணிப்பு வேண்டும்.

இந்நோயை முற்றும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. பற்களைக் காக்கும் வழி உண்டு. ஃபுளோரைடு கலந்த பற்பசையால் இருவேளை துலக்குக. மருத்துவர் கூறின் ஃபுளோரைடு மிகுந்த பற்பசையைக் கொள்க. நீரை மடக்கு மடக்காகப் பருகுக. சர்க்கரையற்ற சூயிங்கம் மெல்லலாம். சுரப்பியில் ஆற்றல் எஞ்சியிருப்பின், பைலோகார்பின் போன்ற மருந்தை மருத்துவர் தரக்கூடும். வாய் ஊறட்டும் என்று எலுமிச்சை மிட்டாயையும் புளியையும் சுவைத்தல் தீது. அவை எனாமலைக் கரைக்கும். சந்தேசும் ரசகுல்லாவும் உணவோடு ஒருமுறை போதும். அடிக்கடி கொறித்தல் ஆகாது. ஜர்தாப் பானும் புகையும் அறவே வேண்டா.

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ரஃபியுதீன் அகமது 1920-இல் தோற்றுவித்தது நாம் வாழும் இந்நகரிலேதான். 1949-இல் அவர் அதனை அரசுக்கு அளித்தார். அவர் பெயர் தாங்கிய அக்கல்லூரியும் மருத்துவமனையும் சியால்தா அருகே இன்றும் உள்ளன. கிடர்பூரில் இருக்கும் நமக்கு அது தொலைவன்று. தொலைவாய் இருப்பது நம் கவனமே.

ஆதலின், இல்லம் திரும்பியதும் உங்கள் அன்னையிடமும் அத்தையிடமும், "வாய் வறளுகின்றதா?" என்று ஒரு சொல் கேளுங்கள். கேட்போர் இல்லாமையாலேயே அவர்கள் சொல்லாதிருக்கலாம்.